வாயை மூடச் சொன்ன மைனா

ஏரிக்கரைக் கூழாங்கல் மேட்டில் மஞ்சக்காலி என்ற ஆட்காட்டிக் குருவி கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள். தன் ஒரே குஞ்சு பொட்டுவைப் புதிய பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று அவள் கணவன் நெட்டையன் ஒற்றைக்காலில் நின்றான்.

ஏரித் தண்ணீரை ஒட்டி, கூழாங்கற்கள் சிதறிக் கிடந்த கருவேல மரத்தடியில் மைனா ஒருவர் திறந்திருந்த பள்ளி அது. பனிமலைக்கு அப்பாலிருந்து ஆண்டுதோறும் இந்த ஏரிக்கு வந்துபோகும் வரித்தலை வாத்துகளின் மொழியை அங்கே கற்றுத் தந்தார்கள். உள்ளே காலை வைத்தால் வாத்து மொழி மட்டும்தான். சொந்தப் பேச்சு ஒரு சொல் வாயில் வந்தாலும் வெளியே போகவேண்டியதுதான்!

"நாமதான் காலமெல்லாம் இந்தக் கல்லு மேட்டுலயே கிடக்குறோம். புள்ளையாவது நாலு தேசத்துச் சேதி தெரிஞ்சுக்கட்டுமே!" என்றான் நெட்டையன்.

அந்த ஆசை மஞ்சக்காலிக்கும் இல்லாமலில்லை. பனிமலை என்றால் என்ன நிறம் என்று அவளும் பலமுறை யோசித்ததுண்டு. "சரிங்க, முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினாள்.

மைனா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல பிள்ளைகிட்ட என்ன மொழி பேசுறீங்க?"

"எங்க மொழிதான்! வேற எதைப் பேசுவோம்?"

மைனா முகத்தைச் சுளித்தார். "அதை இன்னியோட நிறுத்திடணும். உங்களுக்கு வாத்து மொழி தெரியாதில்ல? அப்போ பிள்ளைகிட்ட வாயே திறக்காதீங்க. நீங்க பேசப் பேச நான் சொல்லித் தர்றது எல்லாம் கெட்டுப்போகும்!"

மஞ்சக்காலிக்குச் சுருக்கென்றது. பெற்றவள் பேசினால் பிள்ளை கெட்டுப்போகுமாம்! பல்லைக் கடிக்கப் பறவைக்குப் பல் இல்லை. அவள் அலகை இறுக்கிக்கொண்டாள்.

"நரி வந்தா நான் கத்துவேன். புள்ளை தரையோட தரையா படுத்துக்கும். அப்படித்தான் எங்க கூட்டமே உசிரோட இருக்கு. உங்க வாத்து மொழியில அதை எப்படிச் சொல்றது?"

"ஆபத்துப் பாடமா? அது கடைசி வருஷம்தான்! முதல்ல வரவேற்புப் பாட்டு."

"அதுவரைக்கும் பொறுத்துக்கன்னு நரிகிட்ட நான் சொல்லிடவா?"

மைனா இறகைக் கோதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவள் போட்ட கூச்சலில் கல் மேடே அதிர்ந்தது. ஆனாலும் நெட்டையன் கெஞ்சினான். "நாளைக்கு நிஜ வாத்தம்மாவே பள்ளிக்கூட விழாவுக்கு வர்றாங்களாம். ஒரே ஒரு நாள் உக்கார வச்சுப் பாப்போம். புடிக்கலேன்னா கூட்டிட்டு வந்துடலாம்!" பொட்டுவும் ஆசையாய்ப் பார்த்தது. வேண்டாவெறுப்பாக மஞ்சக்காலி தலையாட்டினாள்.

மறுநாள் பெற்றோரையெல்லாம் ஒரு புதர் ஓரமாக நிறுத்திவைத்தார்கள். பேசக்கூடாது! கௌதாரிக் குஞ்சுகளோடும் நீர்க்கோழிக் குஞ்சுகளோடும் பொட்டு வரிசையில் நின்றது.

"வீட்டுச் சத்தம் காதுல விழுந்தா யாரும் அசையக்கூடாது! அசைஞ்சா வெளியே!" என்று மைனா எச்சரித்தார். எதிரே வாத்தம்மா தன் பிள்ளைகளோடு விருந்தாளியாக அமர்ந்திருந்தாள். பாட்டு தொடங்கியது.

அப்போது கோரைப்புல் அசைந்தது. மஞ்சக்காலி கழுத்தை நீட்டினாள். புல்லுக்குள் ஒரு மூக்கு. அதன் பின்னால் இரண்டு காதுகள். நரி!

"கத்தாதே! புள்ளையை வெளியே அனுப்பிடுவாங்க!" என்று நெட்டையன் கிசுகிசுத்தான்.

"அனுப்பட்டும்!" என்றவள் தொண்டை கிழியக் கத்தினாள். "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

அந்த நொடியே வாத்தம்மாவும் அவள் பிள்ளைகளும் வானத்தில் இருந்தார்கள். மைனா கருவேல உச்சிக்குப் பறந்து, தன் சொந்த மைனா மொழியில் அலறினார்.

குஞ்சுகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. பொட்டுவின் கால்கள் படுக்க மடிந்தன. பிறகு அது ஆசிரியர் நின்ற இடத்தைப் பார்த்தது. விதி நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மடிந்த கால்களை மறுபடியும் நிமிர்த்திக்கொண்டது.

அதைப் பார்த்த மஞ்சக்காலி ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. நரியின் கண்களைக் குறிவைத்துப் பாய்ந்தாள். நெட்டையனுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. "படுத்துக்கடா தங்கம்! படு!" என்று அவனும் சொந்த மொழியில் கதறினான். புதரோரம் நின்ற அத்தனை பெற்றோரும் அவரவர் மொழியில் கத்தினார்கள்.

பொட்டு பொத்தென்று படுத்தது. அடுத்த கணம் அங்கே குஞ்சு இல்லை, கூழாங்கற்கள்தான் இருந்தன. கௌதாரிக் குஞ்சுகள் புல்லுக்குள் ஒளிந்தன, நீர்க்கோழிக் குஞ்சுகள் தண்ணீருக்குள் குதித்தன. நரி சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு வெறும் வாயோடு போனது.

மைனா மெல்ல இறங்கி வந்தார். "விதியை மீறிக் கத்தினது யாரு?"

"நான்தான்! மரத்து மேல இருந்து நீங்க எந்த மொழியில கத்தினீங்க?" என்றாள் மஞ்சக்காலி.

வாத்தம்மாவும் திரும்பி வந்து இறங்கினாள். மைனா குனிந்து, "மன்னிக்கணும் அம்மா, நாகரிகம் தெரியாத கூட்டம்" என்று குழைந்தார்.

"யாருக்கு நாகரிகம் தெரியாது?" என்றாள் வாத்தம்மா, ஆட்காட்டிகளின் மொழியிலேயே. "இந்த ஏரியில இறங்கின அன்னிக்கே எங்க பிள்ளைங்களுக்கு முதல்ல இந்த ஆட்காட்டியோட சத்தத்தைத்தான் சொல்லித் தர்றோம். அது தெரியலேன்னா நாங்க ஊர் போய்ச் சேரமுடியாது."



"கேட்டுக்குங்க!" என்று மைனாவைப் பார்த்துச் சீறினாள் மஞ்சக்காலி. "எங்க பேச்சு வாத்து வீட்டுப் புள்ளைக்கு வேணும், எங்க வீட்டுப் புள்ளைக்கு வேண்டாமா?"

நெட்டையன் தலைகுனிந்தபடி பொட்டுவை எழுப்பிச் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டான்.

"எங்க மொழி வேணும்னா தண்ணி ஓரமா அனுப்புங்க, விளையாடிக்கிட்டே கத்துக்கட்டும்" என்றாள் வாத்தம்மா. "நீங்களும் பக்கத்துலயே இருங்க. சத்தமாப் பேசிக்கிட்டே இருங்க!"

அன்று மாலையே பொட்டு வாத்துப் பிள்ளைகளோடு தண்ணீரோரம் நின்று, பனிமலை என்ன நிறம் என்று அவர்கள் மொழியிலேயே கேட்கப் பழகியது. பதிலை அம்மாவிடம் ஓடி வந்து தன் மொழியில் சொன்னது.

புது மொழி எத்தனை வேண்டுமானாலும் கற்கலாம். ஆனால் அதற்காகப் பெற்றவளை வாயை மூடச் சொல்லும் பள்ளியின் வாசலைப் பிள்ளை மிதிக்கவே கூடாது.