சுயம்புலிங்கத்தின் மீன்கள் கலைந்த நாள்

கொளத்தூரில் மொட்டை மாடி முழுக்கத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறவர் ஜெசிந்தா. வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் மீன் வளர்க்க ஆசைப்பட்ட அத்தனை பேருக்கும் அவர்தான் டீச்சர். அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் மூத்தவர் மளிகைக்கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சி. அவருக்கு அறுபத்து நாலு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி டீச்சரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மீனைக் காட்டத்தான் என்றார். பொய். மீனைக் காட்டப் போகிறவர் முகம் அப்படியா தொங்கிப்போயிருக்கும்?

இவர்கள் உள்ளே நுழைந்ததும் டிவி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மகன்களும் சட்டென்று எழுந்து நின்றார்கள். டிவி அணைந்தது; இருவரும் உள்ளறைக்கு நழுவினார்கள். அடுக்களையில் கேட்ட பேச்சுச் சத்தமும் நின்றது. டீச்சர் அதையும் பார்த்துக்கொண்டார்.

கூடத்தில் நாலடி நீளத் தொட்டி. உள்ளே நாற்பது நியான் டெட்ரா. சுண்டுவிரல் நீளம்கூட இராத மீன்கள்.

"பாருங்க டீச்சர்," என்று அண்ணாச்சி மோதிர விரலால் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டினார்.

நாற்பதும் நடுவில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்றாக இடப்பக்கம் திரும்பின. ஒன்றாக வலப்பக்கம் திரும்பின.

"என்னா ஒழுங்கு! வாரவங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டுல்லா போறாங்க!" சொல்லும்போதே அண்ணாச்சிக்குக் குரல் இறங்கிவிட்டது. "இந்த மீனுக்கு இருக்கிற ஒத்துமை என் வீட்டுல இல்லாம போச்சே. என் மக முத்துக்கனி வீட்டை விட்டுப் போயிட்டா டீச்சர்."

"எங்கே?"

"அம்பத்தூர்ல ஏதோ ஹாஸ்டல். பதினோரு நாளாச்சு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நான் பிள்ளைகளை ஒரு அடி அடிச்சது கிடையாது. ஒரு குரல் குடுத்தா எல்லாம் வந்து நிக்கும். அப்படி வளர்த்த வீடு. இந்த மீன் எப்படிப் பிரியாம இருக்குன்னு எனக்குச் சொல்லிக்குடுங்க. எனக்கு என் பிள்ளை வேணும்."

 டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டார்.

"உட்காருங்க."

"எதுக்கு?"

"கை மடியில இருக்கட்டும். தட்டக்கூடாது. பேசக்கூடாது. அசையக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"அதை மீன்தான் சொல்லணும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுக்களைக்குள் போய்விட்டார்.

கடையில் பத்து ஆளை விரட்டி வேலை வாங்குகிற மனுஷனை இப்படி ஸ்டூலில் உட்காரவைத்தால் கோபம் வருமா வராதா? வந்தது. முதுகு வலித்தது. கால் மரத்துப்போனது. மீன்களோ நடுவில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றன. ஆனாலும் டீச்சர் சொன்னது ஆயிற்றே என்று அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரைமணி நேரம் கழித்து ஒரு மீன் மட்டும் கூட்டத்தை விட்டு வெளியே வந்தது. ஒரு இலையைக் கொத்திப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. பின்னாலேயே இரண்டு வந்தன. அப்புறம் ஐந்து, பத்து. கொஞ்ச நேரத்தில் நாற்பதும் நாற்பது பக்கம் போய்விட்டன.

அதன் பிறகு நடந்ததைத்தான் அண்ணாச்சியால் நம்ப முடியவில்லை. மீன்களின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. வெளுத்துக் கிடந்த நீலக்கோடு பற்றவைத்த மாதிரி எரிந்தது. வாலோரத்துச் சிவப்பு ரத்தமாகச் சிவந்தது. ஒன்று மண்ணைக் கிளறியது. ஒன்று தலைகீழாக நின்று விளையாடியது. இன்னொன்று நேராகக் கண்ணாடிக்கே வந்து அண்ணாச்சியைப் பார்த்தது. ஒரு வருஷமாகத் தீனி போடுகிறவர், ஒரு மீனின் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"யப்பா!" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காமல். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கண் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் மீன் ஓடிவிடுமே என்று கண்ணீரை அப்படியே வழியவிட்டார்.

அப்போது யாரும் தட்டாமலே நாலைந்து மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து ஒரு சுற்று போய் வந்தன. பிறகு பிரிந்து தத்தம் வேலையைப் பார்த்தன.

டீச்சர் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றார்.

"கூட்டம் கலைஞ்சிட்டுது டீச்சர்," என்றார் அண்ணாச்சி கிசுகிசுப்பாக.

"பயம் தெளிஞ்சிருக்கு."

"அப்போ இத்தனை நாளா நான் பார்த்து ரசிச்சது?"

"பெரிய மீன் ஏதோ தின்ன வந்துட்டதுன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிக்கிச்சுங்க."

 அடுக்களையில் அண்ணாச்சியின் மனைவி எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. உள்ளறையில் சின்ன மகன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். தான் வீட்டில் இருக்கும்போது இந்தச் சத்தங்களைக் கேட்டதாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. என்னவென்று பார்க்கத் திரும்பினார். ஸ்டூல் கிரீச்சிட்டது.

சிரிப்பு நின்றது. சீட்டியும் நின்றது. நின்றது அவருக்குக் கேட்டது.

"டீச்சர்," என்றார்.  "நான் இப்பவே அம்பத்தூர் போயி அவளைக் கையோட கூட்டிட்டு வந்துரட்டுமா?"

"நீங்க போய் நின்னா உங்க பொண்ணு மறுபேச்சு இல்லாம வந்துடும், அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா. "அந்தப் பயம் தாங்காமத்தானே போயிருக்கு."