வெள்ளத்தில் போன மூன்று புள்ளிகள்

முன்னொரு காலத்தில், ஊருக்கு ஊர் பந்து உதைத்தே பொழுதைப் போக்கிய ஒரு நாட்டில், அந்தப் பைத்தியம் எல்லோரையும்விட அதிகமாகத் தலைக்கேறிய ஓர் அரசர் இருந்தார். எட்டு அணிகள் ஆண்டு முழுவதும் மோதும். வென்றால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று. அரண்மனை மதிலில் ஒவ்வோர் அணியின் பெயருக்குக் கீழேயும் சுண்ணாம்பால் புள்ளி வைப்பார்கள். ஆண்டு முடிவில் கடைசியாக நிற்கும் ஊர் தன் மைதானத்தை இழக்கும். அது தளவாய் வல்லபராயரின் குதிரைகளுக்கு மேய்ச்சல் நிலமாகும். இந்த ஏற்பாட்டை அரசருக்கு யோசனை சொன்னவர் யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் அரசர் யானை ஏறி, மூன்று காத தூரம் குலுங்கிப் போய் ஒரு மைதானத்தில் இறங்கினார். ஆளே இல்லை. இலக்குக் காவலனுக்கு வயிற்றுவலி என்று ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். அரசர் கொண்டுபோன அவல்பொரியைத் தனியாகத் தின்றுவிட்டுத் திரும்பினார். மறுநாளே முரசு அறைந்தார்கள்: “குறித்த நாளில் மைதானத்தில் இல்லாத அணிக்கு மூன்று புள்ளி அழிக்கப்படும். காரணம் கேட்கப்படாது!”

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர்கள் ஆற்றுத்துறை ஓடக்காரர்கள். அரண்மனைக் காவலர் அணியுடன் அவர்கள் தங்கள் மைதானத்தில் மோதவேண்டிய நாளில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. அணித்தலைவன் மருதையன் மரியாதை தெரிந்தவன். “இன்னைக்கு ஆட முடியாது, வேற நாள் குறிங்க சாமி” என்று காவலர் அணியை நடத்தும் தளவாய்க்கு ஆளனுப்பிவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். அந்தச் சேதியே அவனுக்கு வினையாகிவிட்டது. ஓடக்காரர்கள்தான் வராமல் இருந்தார்கள் என்று தளவாய் அதைக் காட்டியே அரசரிடம் நிறுவினார். ஈரத்துணியால் மூன்று புள்ளிகளைத் துடைத்தார்கள். ஆற்றுத்துறை கடைசி இடத்துக்கு வந்துவிட்டது.

மருதையன் பத்து நாள் அரண்மனை வாசலில் நின்றான். தகப்பன் காலத்தில் மேடு பள்ளம் நிரவி, ஊரே கூடிப் புல் போட்ட மைதானம் அது. குதிரைகள் அதில் சாணி போடுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பதினோராம் நாள் விகடகவி தாண்டவராயன் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சபைக்குள் நுழைந்தான்.

அரசருக்கு எரிச்சல். “தாண்டவராயா, வெள்ளம் என்பாய், மழை என்பாய். ஒரு காரணமும் சொல்லாமல் அந்த மூன்று புள்ளிகளை மீட்டுக் காட்டு பார்ப்போம். காரணம் என்று ஒன்றைச் சொன்னாயோ, உன் மீசையில் பாதி போகும்!”

தளவாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காரணத்தைத் தவிர மருதையன் கையில் வேறு என்ன இருந்தது?

“சித்தம் அரசே. அன்றைய நடுவரை மட்டும் அழைத்தால் போதும்” என்றான் தாண்டவராயன்.

நடுவர் ஏகாம்பரம் வந்தார். ஆட்ட நாளில் பொழுது சாயும்வரை நடுவர் மைதானத்தை விட்டு நகரக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். ஏகாம்பரம் வழக்கத்தை மீறுகிற ஆளே இல்லை. வெள்ளம் ஏற ஏற, கழுத்தில் ஆட்டத்துக்கு ஊதும் சங்கோடு மைதானத்து ஓரத் தென்னைமரத்தில் ஏறி, அந்தி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவர்.

“ஐயா, அன்று மைதானத்தில் ஓடக்காரர்கள் எத்தனை பேர்?”

“பதினோரு பேர். தலையை எண்ணினேன். தலை மட்டும்தான் தெரிந்தது.”

“பொய்! அவர்கள் படகில் இருந்தார்கள், மைதானத்தில் இல்லை!” என்று தளவாய் எழுந்தார்.

“இறங்கித் தள்ளினார்கள் தளவாயே, கழுத்தளவுத் தண்ணீரில். கால் மைதானத்தில்தான் இருந்தது. என்னையும் பலமுறை கூப்பிட்டார்கள். ஆட்டம் முடியவில்லை, வரமாட்டேன் என்றேன். அந்தச் சின்னப்பயல் மருதையன் என்னைத் திட்டிக்கூட விட்டான்.”

மருதையன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இலக்குக் கம்பங்களுக்கு நடுவே ஏதாவது போனதா?” என்றான் தாண்டவராயன்.

“பதினேழு படகு போனது. நிறைய ஜனம்.”

“பதினேழுக்குச் சுழியம்!” என்றான் தாண்டவராயன். “அது கிடக்கட்டும். காவலர் அணி எத்தனை பேர்?”

“ஒருவர்கூட இல்லை.”

அரசர் மதிலைப் பார்த்தார், தளவாயைப் பார்த்தார். “அப்படியானால் மைதானத்தில் இல்லாத அணி காவலர் அணி. அழியுங்கள் மூன்று புள்ளியை!”

தளவாய் பதறிப்போனார். “அரசே, இது அநியாயம்! பாதையெல்லாம் வெள்ளம்! எப்படி வருவார்கள்?”

தாண்டவராயன் கைகூப்பினான். “அரசே, நான் ஒரு காரணமும் சொல்லவில்லை. காரணம் சொன்னவர் தளவாய். இதே கேள்வியைத்தான் மருதையன் பத்து நாளாக வாசலில் நின்று கேட்கிறான். அவனுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை, தளவாய்க்காவது சொல்லுங்கள்.”

அரசர் முதலில் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் நிற்கும்வரை சிரித்தார். “ஆட மனமில்லாமல் தள்ளிவைத்தவனையும் ஆள் காப்பாற்றப் போனவனையும் ஒரே துணியால் துடைத்தது என் தப்பு. இனிக் காரணம் கேட்டபிறகே புள்ளியில் கை வைக்கவேண்டும். மருதையா, காவலரின் மூன்று புள்ளி உனக்கு வேண்டுமா?”

“வேணாம் மகாராஜா. அவுகளும் தண்ணிக்குப் பயந்துதானே வரல. எங்களுத மட்டும் திருப்பிக் குடுங்க. மிச்சத்த ஆடிப் பாத்துக்கறோம்.”

சுண்ணாம்புப் புள்ளிகள் திரும்ப வந்தன. அரசர் தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார். ஆண்டின் கடைசி ஆட்டமாக அது வேறொரு நாள் நடந்தது. ஒன்றுக்கு இரண்டு என்று ஓடக்காரர்கள் தோற்றார்கள். ஆனாலும் ஏழாம் இடத்தில் நின்று மைதானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தோற்ற அணி அப்படிக் குதித்ததை அந்நாடு அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை தாண்டவராயனை அக்கரை சேர்த்துவிட்டு மருதையன் அவன் காலில் விழப்போனான். “சாமி, இந்த நன்றிய நா எப்படித் தீப்பேன்? ஆயுசுக்கும் உங்ககிட்ட ஓடக்கூலி வாங்கமாட்டேன்.”

தாண்டவராயன் அவனைத் தூக்கி நிறுத்தினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

“தீர்க்கவேண்டியவன் நான்தானப்பா. உன்னோட பதினொண்ணாவது படகுல, பொறந்து மூணு நாளான குழந்தையோட ஒரு பொம்பளைய ஏத்தினியே, ஞாபகம் இருக்கா? அவ எம் பொண்டாட்டி. அன்னைக்கு நீ அவகிட்ட கூலியும் கேக்கல, காரணமும் கேக்கல.”