குறை பன்னிரண்டு கோல் குளம்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தாமரைக் குளம் வெட்டும் ஆசை பிறந்தது. பரப்பு எண்பத்து நான்கு சதுரக் கோல், நீளம் அகலத்தைவிட ஐந்து கோல் அதிகம். அகலம் எவ்வளவு என்று அரண்மனைக் கணிதர் ஆதிமூலரைக் கேட்டார்.

கணிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மகாராஜா, இது இருபடிச் சமன்பாடு. அகலத்தின் வர்க்கத்தோடு அகலத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் எண்பத்து நான்கு. சூத்திரப்படி, ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து. அதோடு எண்பத்து நான்கின் நான்கு மடங்கைக் கூட்ட, முந்நூற்று அறுபத்தொன்று. வர்க்கமூலம் பத்தொன்பது. ஐந்தைக் கழித்துப் பாதியாக்கினால் அகலம் ஏழு. நீளம் பன்னிரண்டு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரண்மனை விகடன் அம்பலவன் எதிரே உட்கார்ந்திருந்தான். ராஜா அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் கணிதருக்கு வயிறு எரியும்.

“வர்க்கமூலம் குறை பத்தொன்பதாகவும், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பதாகவும், இருக்கலாம், மகாராஜா. அப்போது அகலம் குறை பன்னிரண்டு, நீளம் குறை ஏழு. பெருக்கினால் அதே எண்பத்து நான்கு! சபை ஏற்ற விடை நிறைவேறியே தீரவேண்டும் என்பது தங்கள் பாட்டனார் வகுத்த வழக்கம். முதல் குளத்தை நான் வெட்டுகிறேன். இரண்டாவதை நம் விகடர் வெட்டட்டும்.”

ராஜாவுக்கு வழக்கம் என்றால் வழக்கம்தான். “அம்பலவா, நாளைப் பொழுது சாய்வதற்குள் வெட்டத் தொடங்கு. இல்லையேல் நாட்டைவிட்டுப் போய்விடு.”

அம்பலவன் செய்தியோடு திரும்பினான். வீட்டில் மனைவி சிவகாமு நிறைமாதக் கர்ப்பிணி.

“இந்த வயித்தோட நான் எந்த ஊருக்கு நடக்கிறது?” என்று அவள் அழுதாள். அவன் சாப்பிடாமலே எழுந்து, குளம் வரப்போகும் இடத்தைப் பார்க்கப் போனான்.

அளவு முளையைக் கணிதர் அதற்குள் அடித்துவிட்டிருந்தார். தாமரைக் காற்று தன் படுக்கையறைக்கு வரவேண்டும் என்று சொந்த வீட்டின் கொல்லைச் சுவர் மூலையிலேயே அடித்திருந்தார். முளைக்கு வடகிழக்கே குளம். தென்மேற்கே அவர் வீடு. அம்பலவன் முளையைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து, “சோறு போடு” என்றான்.

மறுநாள் காலை ஆட்களோடு வந்து முளையருகே நின்றான். குளத்துக்கு முதுகைக் காட்டி, மேற்கே பன்னிரண்டு கோல், தெற்கே ஏழு கோல் என்று அளக்கச் சொன்னான். கணிதரின் சமையற்கட்டு, பூஜையறை, படுக்கையறை எல்லாம் அளவுக்குள் அடக்கம். முதல் கடப்பாரை படுக்கையறைச் சுவரில் இறங்கியது.

“ஐயையோ, என் வீடு! அடப்பாவி, நிறுத்துடா!” என்று கணிதர் குடுமி அவிழ ஓடிவந்தார். கூச்சல் கேட்டு ராஜாவும் வந்துவிட்டார்.

அம்பலவன் கைகட்டி நின்றான். “மகாராஜா, குளம் கிழக்கேயும் வடக்கேயும் போகிறது. குறை என்றால் அதற்கு எதிர்த்திசைதானே? கணிதர் விடையில் ஒரு கோல்கூட நான் மாற்றவில்லை.”

“கணிதரே, அளவு சரிதானா?”

கணிதர் முளையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “அளவு... சரிதான், மகாராஜா. ஆனால் குளம் வெட்டும்போது குறை விடையைத் தள்ளிவிட வேண்டும்.”

“அதை நேற்றே சொல்லியிருந்தால் நான் ராத்திரி நேரத்தோடு சாப்பிட்டிருப்பேனே, சுவாமி” என்றான் அம்பலவன்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெட்டத் தொடங்கியாயிற்று, அது போதும்” என்று ஆட்களை நிறுத்தச் சொன்னார். தன் கைக் கங்கணத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டார். குளத்தின் மறுகரையில் ஒரு வீடும் கொடுத்தார். அந்த வீட்டில்தான் சிவகாமுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சுவரில் விழுந்த ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார். கணிதர் ஆசைப்பட்ட தாமரைக் காற்று அது வழியாக நன்றாகவே வந்ததாம். மார்கழியில்கூட.