ஒரே பாலம், இரண்டு கெட்டிக்காரர்கள்

ஒரு காட்டில், ஆற்றுக்கு மேலே ஒரு கொடிப் பாலம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பாலம் என்று கேட்கிறவர்கள் முயலாகப் பிறந்து நீந்திப் பார்க்கலாம்.

ஒரு பக்கம் பிரப்பங்கொடி, மறுபக்கம் சீந்தில் கொடி, நடுவே மூங்கில் பட்டைகள். இரண்டு கொடிகளும் கரைக்குக் கரை இழுத்துக் கட்டியவை. பாலத்தைப் பழுதுபார்க்க இரண்டு பேர். இக்கரையில் குரங்கு. எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தொடும். அக்கரையில் மலையணில். கை சும்மா இருந்தால் அதற்குக் காய்ச்சலே வந்துவிடும்.

இருவருக்கும் ஒரே விதி. ஒரு கொடியை அவிழ்க்கும் முன் மற்றது கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கொடி இருந்தாலும் போதும், பாலம் சாயுமே தவிர விழாது.

நல்ல விதிதான். இரண்டும் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

ஒரு நாள் காலை முயல் ஒன்று புல் மேய இக்கரைக்கு வந்தது. அதன் மூன்று குட்டிகளும் அக்கரை வளையில் கிடந்தன, இன்னும் கண் திறக்காதவை. பாலூட்டும் நேரம் ஆனதும் முயல் பாலத்துக்கு ஓடி வந்தது. அங்கே குரங்கு பிரப்பங்கொடியின் முடிச்சில் கை வைத்திருந்தது.

"போகலாமா அண்ணே? குட்டிகள் பசியில் கிடக்கும்."

"தாராளமாகப் போ. இதை மட்டும்தான் அவிழ்க்கிறேன். சீந்தில் கெட்டியாக இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்."

பொய்யில்லை. இரண்டு முறை பார்த்திருந்தது.

அதே நேரத்தில் அக்கரையில் அணில் பிரப்பங்கொடியை இழுத்துப் பார்த்தது. கெட்டியாக இருந்தது. உடனே நைந்துபோன சீந்தில் முனையைக் கடிக்க ஆரம்பித்தது. ஆற்றின் இரைச்சலில் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காது. சொல்ல வேண்டும் என்று இரண்டுக்கும் தோன்றவும் இல்லை.

முயல் பாதிப் பாலம் போயிருந்தது. இங்கே முடிச்சு அவிழ்ந்தது. அங்கே முனை அறுந்தது.

பாலம் முறுக்கிக்கொண்டு ஆற்றில் விழுந்தது.

முயல் முழுகி எழுந்து சீந்தில் கொடியைப் பற்றிக்கொண்டது. குரங்கு கொடியை இழுத்து அதை இக்கரையிலேயே சேர்த்தது. அப்புறம் என்ன, குரங்கு அணிலைத் திட்டியது, அணில் குரங்கைத் திட்டியது. நடுவில் ஆறு இரைந்ததால் இருவரும் திட்டியது வீண்.

"திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள் அண்ணே," என்றது முயல், உடம்பெல்லாம் நடுங்க. "என் குட்டிகள் இன்னும் பால் குடிக்கவில்லை."

குரங்கு புதுக்கொடியில் கல்லைக் கட்டி வீசியது. நான்கு முறை கல் ஆற்றில் விழுந்தது, ஐந்தாவது முறை அக்கரை சேர்ந்தது. அணில் வளைக்கும் கரைக்குமாக ஓடியது. கொஞ்சம் கட்டும், பிறகு போய்க் குட்டிகளின் பக்கத்தில் படுத்துச் சூடு கொடுக்கும். பழத்தை மென்றுகூட ஊட்டிப் பார்த்தது. கண் திறக்காத குட்டிகள் பழத்தை என்ன செய்யும்?

பொழுது சாயும் வேளையில்தான் முயலால் வளைக்குள் நுழைய முடிந்தது. இரண்டு குட்டிகள் உடனே முட்டிக் குடித்தன. மூன்றாவதற்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை. முயல் அதை நக்கிக்கொண்டே காத்திருந்தது. நெடுநேரம் கழித்து அதுவும் குடித்தது.

மறுநாள் காலை முயல் ஒரு விளாம்பழ ஓட்டைப் பாலத்தின் நடுவில் தொங்கவிட்டு, இருவரையும் அங்கே கூப்பிட்டது. ஓட்டை எடுத்துப் போனவர் மட்டும்தான் கொடியைத் தொடலாம், வேலை முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும், ஓடு இல்லாதபோது மற்றவர் கொடியின் பக்கமே போகக் கூடாது என்றது.

அணில் முகத்தைச் சுளித்தது. "குரங்கண்ணன் ஒரு முடிச்சுக்கு அரை நாள் எடுப்பார். அதுவரை நான் என்ன, சும்மா உட்கார்ந்திருப்பதா?"

"உட்காரு அக்கா," என்றது முயல். "நீ உட்கார்ந்திருந்தால்தான் நான் வீடு போய்ச் சேருவேன்."

குரங்கு ஓட்டை எடுத்துக்கொண்டு நடந்தது. அணில் உட்கார்ந்தது.

நீதி: பலருக்கும் பொதுவான பொருளில் ஒரு நேரத்தில் ஒருவர் கைதான் இருக்க வேண்டும். மற்றவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும்.