காலைத் தூக்கி நின்ற சருகுமான்

செம்பி ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது, நகம் கிடையாது. காட்டுச் சுனைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பொந்தில் தன் குட்டி பொட்டுவோடு குடியிருந்தது. பயம் ஒன்றுதான் அதற்குத் துணை. பயந்து பயந்துதான் அது உயிரோடு இருந்தது.

பொட்டு வளர்ந்துவந்தது. இனி அது தனியாகத் தண்ணீருக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் போகலாம், எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும்? இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று செம்பி யோசித்தது.

சுனையோரத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. மழைத் தண்ணீர் அரித்து, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. செம்பி பத்து குன்றிமணியைக் கவ்விக்கொண்டு வந்து ஒரு ஓரத்துக் குழிகளில் போட்டது. நடுக்குழியில் ஒரு கருப்புப் பூந்திக்கொட்டையை வைத்தது.

“பொட்டு, இந்தப் பக்கம் காடு. அந்தப் பக்கம் தண்ணி. குன்றிமணி எல்லாம் நாம. ஒவ்வொரு குழியா நகர்ந்து தண்ணிக்குப் போகணும். இந்தக் கருப்பு இருக்கே, இதுதான் சிறுத்தை. பக்கத்துக் குழியில் வந்து மாட்டினா பிடிச்சிரும்.”

“எல்லாரும் தப்பிச்சுட்டா?”

“நாம ஜெயிச்சோம்!”

இப்படித்தான் ‘தண்ணித்துறை’ ஆட்டம் பிறந்தது. முதலில் முயல் வந்து பார்த்தது. அப்புறம் மயில் வந்தது. கடைசியில் வக்கணை என்ற குரங்கு தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் ஆனால் போதும், பாறையில் உட்கார இடம் கிடைக்காது.

“செம்பியக்கா, உனக்கு இவ்வளவு மூளையா!” என்று மயில் ஆச்சரியப்பட்டது. செம்பிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிலைக்கவில்லை.

ஒரு நாள் ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. செம்பி கருப்பு விதையைக் கவ்வி அடுத்த குழிக்கு நகர்த்தப் போன நேரம். பின்னால் ‘தொப்’பென்று ஒரு சத்தம்!

செம்பி அப்படியே உறைந்து போயிற்று. ஒரு முன்னங்கால் மேலே தூக்கியிருந்தது. கண் இரண்டும் பிதுங்கி நின்றன. வாய் திறந்திருந்தது. விதை உதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

விழுந்தது வெறும் பலாப்பழம்.

வக்கணை ஒரு விநாடி பார்த்தது. பிறகு தானும் ஒரு கையைத் தூக்கி, கண்ணைப் பிதுக்கி, வாயைப் பிளந்து, உதட்டில் ஒரு விதையை ஒட்டிக்கொண்டு நின்றது. “ஐயோ, பலாப்பழம் என்னைக் கடிக்க வருதே!” என்றது.

பாறையே குலுங்கும்படி எல்லாரும் சிரித்தார்கள். செம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தது. வேறு என்ன செய்யும்?

மறுநாள் குரங்குக் கூட்டம் முழுக்க அதேபோல் நின்றது. அதற்கு மறுநாள் அணில்கள் நின்றன. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவும் இனம் அல்லவா? ஒரு வாரத்தில் அந்தக் கேலி மலையைத் தாண்டிவிட்டது. செம்பியைக் கண்ணால் கண்டிராத குரங்குகள் எல்லாம் காலைத் தூக்கிக் கண்ணைப் பிதுக்கின. பழம் கீழே விழுந்தால் ‘செம்பி’, இடி இடித்தால் ‘செம்பி’, மாமியார் குரங்கு அதட்டினால் மருமகள் குரங்கு ‘செம்பி’!

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காட்டுப்பன்றி மூன்று நாள் நடந்து வந்தது.

“பலாப்பழத்துக்குப் பயந்தது நீதானா? எங்க ஊரில் உன்னைத் தெரியாதவங்க கிடையாது. ஒரே ஒரு தடவை அப்படி நின்னு காட்டு தாயி!”

“அதெல்லாம் தானா வர்றதுங்க. இதோ பாருங்க, இந்த ஆட்டம் நான்தான் உண்டாக்கினேன். ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறீங்களா?” என்று செம்பி ஆசையாகக் கேட்டது.

“ஆட்டமா? என்ன ஆட்டம்? அந்த முழியைக் காட்டுன்னா...” என்று பன்றி முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டது.

ஆனால் செம்பியின் மனதை ஒடித்தது பன்றி இல்லை. ஒரு நாள் பாறைக்கு வந்தபோது, குரங்குக் குட்டிகளுக்கு நடுவில் பொட்டு நின்றுகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி, சின்னக் கண்களைப் பிதுக்கி, வாயைத் திறந்து.

“நீயுமா பொட்டு?”

“எல்லாரும் செய்யறாங்கம்மா. நான் செஞ்சாத்தான் ரொம்பச் சிரிக்கிறாங்க!”

அன்றைக்குச் செம்பி மேயவும் போகவில்லை.

பயம் வரும்போது காலைத் தரையில் தட்டுவது சருகுமான் இனத்தின் வழக்கம். ‘டக் டக் டக்’ என்று கேட்டால் பக்கத்தில் ஆபத்து என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ உயிர்கள் பிழைத்ததுண்டு. இப்போது அதையும் குரங்குகள் எடுத்துக்கொண்டன. மரக்கிளையில் தட்டித் தட்டிச் சிரித்தன.

ஒரு மத்தியானம் செம்பி அத்திமரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று சில்வண்டுகள் வாயை மூடின. காற்றில் ஒரு வாடை வந்தது. செம்பியின் கால் தானாக மேலே போயிற்று.

பத்தடி தூரத்தில் சிறுத்தை படுத்திருந்தது. எப்போது வந்ததோ!

செம்பி தூக்கிய காலால் தரையைத் தட்டியது. டக் டக் டக்!

தூரத்து மரங்களிலிருந்து பதில் வந்தது. டக் டக் டக்! “ஐயோ, பலாப்பழம் வருதே!” என்று ஒரு குரல். உடனே பெரிய சிரிப்பு.

சிறுத்தை மெதுவாகக் காதை ஆட்டியது.

“கேட்டியா செம்பி? உன் ஆளுங்க எவ்வளவு நல்லாப் பதில் சொல்றாங்க! இன்னொரு தடவை தட்டேன்.”

“என்னை... என்னைத் தின்னப் போறியா?” என்று செம்பி கேட்டது.

“உன்னையா? பல்லிடுக்குக்குக் காணாது. அதோட நீ உயிரோட இருக்கிறதுதான் எனக்கு நல்லது. உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அவங்க என்ன செய்யறாங்க, கவனிச்சியா? வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனியறாங்க. கண்ணை இறுக மூடிக்கிறாங்க. எத்தனை பேர், ஒரே நேரத்தில்! இப்படி ஒரு வரம் எங்க இனத்துக்குக் கிடைச்சதே இல்லை.” சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. “பாறைக்குப் பின்னால ஈச்சம்புதர் இருக்கே, இன்னைக்குச் சாயங்காலம் நான் அங்கேதான் இருப்பேன். நீ எப்பவும்போல காலைத் தூக்கி நில்லு. போதும்.”

“நான் அவங்ககிட்ட சொல்லிருவேன்!”

“சொல்லேன்” என்றது சிறுத்தை. அது சிரிக்கவில்லை. அப்படியே புதருக்குள் மறைந்து போயிற்று.

செம்பி விழுந்தடித்து ஓடி வந்தது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பாறை நிறைய கூட்டம். நடுவில் பொட்டு! முயல் தன் மூன்று குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. மயில் ஒன்பது குன்றிமணியைத் தண்ணீர்ப் பக்கம் சேர்த்துவிட்டு, பத்தாவதை நகர்த்த யோசித்துக்கொண்டிருந்தது. வக்கணையின் நீண்ட வால் பாறைக்குப் பின்னால், ஈச்சம்புதர்ப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் ஓடுங்க! சிறுத்தை வந்திருக்கு! என்கிட்ட பேசிச்சு!”

“பேசிச்சா?” வக்கணை கண்ணைச் சிமிட்டியது. “என்ன பேசிச்சு? ‘செம்பி, ஒரு தடவை முழிச்சுக் காட்டு’ன்னு கேட்டுச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“வக்கணை, உன் காலில் விழறேன். அந்தப் புதருக்குள்ளதான் இருக்கும். பொட்டு, வா போகலாம்!”

“போம்மா, மயிலத்தை ஜெயிக்கப் போறாங்க. பார்த்துட்டு வர்றேன்.”

குட்டியை மட்டும் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் செம்பி நினைத்தது. முயலின் மூன்று குட்டிகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. ‘கடவுளே, நான் என்ன செய்வேன்?’ என்று அது மனதுக்குள் அழுதது.

அப்போது காற்றே இல்லாமல் ஓர் ஈச்ச ஓலை அசைந்தது. ஓலைகளுக்கு நடுவில் மஞ்சளாய் இரண்டு கண்கள்.

செம்பியின் கால் மேலே போயிற்று. கண் பிதுங்கியது. வாய் திறந்துகொண்டது. எவ்வளவோ அடக்கியும் முடியவில்லை.

“அதோ! அதோ! செம்பி!” என்று வக்கணை கத்தியது. பாறை முழுக்க ஒரே சிரிப்பு. முயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மயில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. பொட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தது.

ஓலைகளுக்கு நடுவில் அந்த இரண்டு கண்களும் மெல்லத் தாழ்ந்தன. பாய்வதற்கு முன் பதுங்கும் பதுங்கல்!

இவர்கள் என் பயத்தை நம்ப மாட்டார்கள். செம்பிக்கு அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் கோபம் வந்தால் எழுந்திருப்பார்கள்.

அது பாறை மேல் தாவி ஏறியது. தான் உண்டாக்கிய ஆட்டத்தைத் தன் நாலு காலாலும் கலைத்தது. குன்றிமணிகள் நாலாபக்கமும் சிதறித் தண்ணீரில் விழுந்தன. பத்தாவது மணியை மயிலின் மூக்குக்கு முன்னாலேயே கவ்விக்கொண்டு செம்பி ஓடியது.

“அடிப்பாவி!” என்று மயில் அலறியது. “ஜெயிக்கப் போற நேரத்தில்!”

“பிடி அவளை!” என்று வக்கணை குதித்தது. முயலும் குட்டிகளும் குரங்குகளும், “அம்மா, ஏம்மா இப்படிப் பண்ணே?” என்று கத்திக்கொண்டு பொட்டுவும், எல்லாருமே செம்பியின் பின்னால் ஓடினார்கள். சுனையின் ஆழமில்லாத பக்கமாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அக்கரைக்குப் பாய்ந்தார்கள்.

பின்னால் ஓர் உறுமல் கேட்டது.

சிறுத்தை வெறும் பாறை மேல் பாய்ந்து விழுந்தது. கடைசியாக ஓடிய வக்கணை இன்னும் பாறையோரத்தில்தான் இருந்தது. அதன் வால் சிறுத்தையின் வாயில் மாட்டியது. வக்கணை வீலென்று கத்தி, வாலைப் பிய்த்துக்கொண்டு மரத்தில் ஏறியது. முயல்கள் வளைக்குள் புகுந்தன. மயில் பறந்து உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து காடு முழுக்கக் கேட்கும்படி அகவியது. காடே விழித்துக்கொண்டது.

பாறை மேல் நின்று சிறுத்தை இங்கும் அங்கும் பார்த்தது. ஒளிந்து வேட்டையாடும் மிருகத்துக்கு எல்லார் கண்ணும் தன் மேல் இருந்தால் வேலை நடக்காது. அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மலையேறிப் போய்விட்டது.

அப்புறம் வக்கணை மரத்திலிருந்து இறங்கி வந்தது. அரை வால்தான் மிச்சம். ரத்தம் சொட்டியது.

“செம்பியக்கா... சிறுத்தை வருதுன்னு சொல்லியிருக்கலாமே” என்று ஈனக்குரலில் சொன்னது. சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டது.

செம்பி வாயிலிருந்த குன்றிமணியைக் கீழே வைத்தது. அதன் கால் ஒன்று இன்னும் தூக்கியபடியே இருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பொட்டு ஓடி வந்து அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டது.

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான்” என்றது செம்பி.

அடுத்தவருடைய பயத்தைக் கேலிக்கூத்தாக்கிச் சிரிக்கிறவர்கள், தங்களுக்கு ஆபத்து வரும்போது எச்சரிக்கக் கூடிய குரலைத் தங்கள் கையாலேயே அடைத்துவிடுகிறார்கள்.