கொடியில் ஏறிய உதிய மரம்

காது உள்ளவர்கள் கேளுங்கள். தூக்கம் வருகிறவர்கள், மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்தால் போதும்.

கடல் தண்ணீர் உப்பாவதற்குக் கொஞ்சம் முன்னால், செம்மணல் சீமையை மகுடநாதன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், கண்ணில் பட்டதையெல்லாம் கௌரவித்துவிடுவான்.

முதலில் உழவு மாட்டை ராஜ மிருகமாக்கினான். மாட்டுக்குப் பட்டு போர்த்தினார்கள். ஏரில் பூட்டத் தடை போட்டார்கள். வயல் தரிசாய்க் கிடந்தது.

அடுத்து அயிரையை ராஜ மீனாக்கினான். குளத்துக்குக் காவல் வந்தது. ஜனங்கள் வெறும் புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, குளத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்கள்.

மூன்றாவதாக, பக்கத்து ராஜாவின் கொடியில் ஒரு மரம் இருப்பதைப் பார்த்துத் தொலைத்தான். "நமக்கும் வேண்டும் ராஜ மரம்" என்றான்.

"பனையே தகும் பிரபு" என்றார் அமைச்சர் பூதலிங்கம். வெள்ளிக்கிழமை ராஜாவே வந்து பார்த்து அறிவிப்பார் என்று தண்டோராவும் போட்டாயிற்று.

பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்த முப்பிடாதிக்கு அது கேட்டதும் கையிலிருந்த அகப்பை நின்றுபோனது. அவள் புருஷன் கொம்பையா பனையிலிருந்து சந்தோஷமாக இறங்கி வந்தான்.

"ஏளா, நம்ம மரத்துக்கு ராஜ மரியாதையாம்."

"மாட்டுக்குச் செஞ்ச மரியாதைதான? நாளைக்கு நீரு எதுல ஏறுவீரு, என் தலையிலயா?"

பாளையைத் தினமும் சீவாவிட்டால் பதனீர் நின்றுபோகும். பதனீர் நின்றால் கருப்பட்டி இல்லை. கருப்பட்டி இல்லையென்றால் அவர்கள் அடுப்பில் பூனை தூங்கும்.

வெள்ளிக்கிழமை ராஜா பல்லக்கில் வந்தான். முப்பிடாதி முன்னால் போய் விழுந்து கும்பிட்டாள்.

"மகாராசா, பனை வேண்டாம். அது மானங்கெட்ட மரம். எவனும் அது உச்சந்தலை வரைக்கும் ஏறி மிதிக்கான். கேட்டவனுக்கெல்லாம் நுங்கு குடுக்கும், கிழங்கு குடுக்கும், ஓலை குடுக்கும். இப்படி வாரிக் குடுக்கறது ராச லட்சணமா?"

ராஜா தாடியைத் தடவினான். "பின்னே எது ராஜ லட்சணம்?"

அவள் வேலியோரத்து உதிய மரத்தைக் கைகாட்டினாள். நல்ல உயரம், நல்ல பருமன்.

"பழம் தருமா?" என்று கேட்டான் ராஜா.

"தந்ததா யாரும் சொன்னதில்ல மகாராசா."

"நிழல்?"

"வெயில் வந்துட்டா இலையெல்லாம் உதுத்துட்டுத் தனியா நிக்கும்."

"விறகு?"

"அடுப்புல வெச்சா புகை வரும். சோறு வேகாது."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "யாருக்கும் எதற்கும் ஆகாமல், எவ்வளவு கம்பீரம்!"

பூதலிங்கம் மெல்ல, "பிரபு, வேறு சிறப்பு ஏதும்..." என்று இழுத்தார்.

"இருக்கு சாமி," என்றாள் முப்பிடாதி. "ஒரு கிளையை ஒடிச்சு எங்க நட்டாலும் வேர் விட்டுரும். அப்புறம் அங்கேயிருந்து நகட்டவே முடியாது."

பூதலிங்கத்துக்கும் மரத்தின் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. அன்றைக்கே உதிய மரம் கொடியில் ஏறியது. சுற்றிலும் வேலி, வாசலில் காவல்.

வருஷா வருஷம் சித்திரை வெயிலில் அங்கே ராஜ மர விழா நடக்கும். இலையில்லாத மரத்தடியில் மண்டை காய நின்றுகொண்டு, "நம் மரத்தின் நிழல் போல உண்டா" என்று பூதலிங்கம் பேசுவார். பேசி முடித்ததும் ராஜாவும் அவரும் பின்பக்கமாய் நழுவி, கொம்பையாவின் பனையடிக்குப் போய், ஓலைப்பட்டையில் பதனீர் வாங்கிக் குடிப்பார்கள்.

"இதற்கும் ஏதாவது பட்டம் கொடுக்க வேண்டும்" என்பான் ராஜா, மீசையைத் துடைத்தபடி.

"குடிச்சிட்டுப் போங்க மகாராசா, அதுவே போதும்" என்பாள் முப்பிடாதி.

ஆகவே, கேட்டவர்களே, உழைக்கிறவர்களை உழைக்க விடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.