தரையில் ஆள் இருக்கக் கூடாது

அந்தப் பெரியாஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் முப்பது கட்டில். நோயாளிகள் முப்பத்துநாலு பேர். மிச்ச நாலு பேர் தரையில் கிடந்தார்கள். விடிந்ததிலிருந்து அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து வார்டு ஆயா முத்துப்பேச்சி அலுத்துப் போயிருந்தாள்.

கண்காணிப்பாளர் வரதராஜுலு வாசலில் வந்து நின்றார்.

"மத்தியானம் இணை இயக்குநர் அம்மா பார்வையிட வர்றாங்க. தரையில ஒரு ஆள் இருக்கக் கூடாது. யாரையும் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. தப்பினா உனக்கு வேலை கிடையாது."

"ஸ்டோர்ல புதுக் கட்டில் பத்து கிடக்கே ஐயா."

"அது மந்திரி வந்து திறந்து வைக்கணும்."

"அப்போ வேற எங்கே படுக்க வைக்க?"

"எங்கேயாவது வை. என்னைக் கேக்காதே."

மத்தியானம் வந்த இணை இயக்குநர் வெறுந்தரையைப் பார்த்துப் பாராட்டினார். மனம் குளிர்ந்துபோன கண்காணிப்பாளர், காபி சாப்பிட அவரைத் தம் அறைக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தால் மூன்று சோபாவிலும் மூன்று பேர். அவர் தூங்கும் கட்டிலில் ஒருத்தி. ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது.

"என்னம்மா இது?" என்றார் இணை இயக்குநர்.

பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்த முத்துப்பேச்சி திரும்பினாள். "எங்கேயாவது வைன்னு ஐயாதான் சொன்னாங்க. ஸ்டோர்ல இருக்கிற கட்டில் மந்திரிக்குக் காத்திருக்குதாம். இவங்க காய்ச்சல் காத்திருக்க மாட்டேங்குது."

இணை இயக்குநர் ஸ்டோர் சாவியைக் கேட்டு வாங்கினார். சாயங்காலத்துக்குள் பத்துக் கட்டிலும் வார்டுக்கு வந்துவிட்டன.

"ஜெயிச்சிட்டே பேச்சி" என்றாள் நர்ஸ் எஸ்தர்.

"ஆமா சிஸ்டர்," என்றாள் முத்துப்பேச்சி, பத்தாவது கட்டிலுக்கு விரிப்பை உதறியபடி. "நாளையிலிருந்து நாப்பது கட்டிலுக்கும் நான் ஒருத்திதானே விரிக்கணும்."